அளக்கத் தொடங்கினால் விதி மாறும்: விளையாட்டின் தீர்ப்பு இயந்திரத்தின் கைக்குப் போகும்போது

விராட் கோலியின் இடுப்பு தரையிலிருந்து 1.04 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்கே இது தெரியவந்தது 2024 ஏப்ரலில், கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தின்போது. ஹர்ஷித் ராணா வீசிய, தரையில் படாமல் வந்த ஃபுல்டாஸை கிரீஸுக்கு வெளியே வந்து ஆடிய கோலி, ராணாவிடமே கேட்ச் கொடுத்தார். பந்து இடுப்புக்கு மேலே வந்தது, ஆகவே நோ-பால் என்பது அவர் வாதம். மூன்றாவது நடுவரின் திரை வேறு கணக்குக் காட்டியது. மட்டையாளர் நிற்கும் கோடான பாப்பிங் கிரீஸைப் பந்து கடந்திருந்தால் அதன் உயரம் 0.92 மீட்டராக இருந்திருக்கும். கோலி நிமிர்ந்து நின்றால் இடுப்பு 1.04 மீட்டர். எனவே அவுட். கோலி கடும் கோபத்தோடு வெளியேறினார்.

இடுப்புக்கு மேல் வரும் ஃபுல்டாஸ் நோ-பால் என்ற விதி புதிதல்ல. ஆனால் அது ஸ்கொயர் லெக்கில் நிற்கும் மனிதரின் கண்ணை நம்பி எழுதப்பட்ட விதி. அதை எண்ணாக்க வேண்டுமானால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் முன்கூட்டியே நிறுத்தி அளந்து வைக்க வேண்டும். இடுப்பு உடம்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். முன்னால் வந்து ஆடுபவருக்கு, பந்து அவர் உடம்பைத் தாண்டிய பிறகு எப்படி இறங்கியிருக்கும் என்று கணினி ஊகிக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட மாறாமலே, நடைமுறையில் வேறு விதி வந்துவிட்டது.

விளையாட்டின் எதிர்காலத்தில் தொழில்நுட்பம் என்ன செய்யும் என்ற பேச்சு பெரும்பாலும் துல்லியத்தைச் சுற்றியே நடக்கிறது. தவறான தீர்ப்புகள் குறையும், நியாயம் கிடைக்கும் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதைவிடப் பெரிய விளைவு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. விதியைக் காப்பாற்றுவதற்காகக் கொண்டுவரப்படும் கருவி, அந்த விதியையே திருத்தி எழுத வைக்கிறது. அந்தத் திருத்தத்தை யார் செய்கிறார்கள், எதை வைத்துச் செய்கிறார்கள் என்பதில்தான் வரப்போகும் விளையாட்டின் முகம் இருக்கிறது.

இதை இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் முழங்கையைப் போல் தெளிவாகக் காட்டும் கதை வேறில்லை.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன் மைதானம். ஆஸ்திரேலிய நடுவர் டேரல் ஹேர், மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை முரளியின் பந்தை நோ-பால் என்று அறிவித்தார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. கண்டியில் பிறந்த முரளிக்கு அப்போது வயது 23. பிறவியிலேயே அவருடைய முழங்கையை முழுவதுமாக நீட்ட முடியாது. மணிக்கட்டும் தோளும் மற்றவர்களுக்கு இல்லாத அளவுக்குச் சுழலும். இப்படி மடங்கியே இருக்கும் கை வேகமாகச் சுழலும்போது, எதிரே நிற்பவர் கண்ணுக்கு அது மடங்கி நீள்வது போலவே தெரியும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் 1996இல் நடந்த சோதனைகள் இதை விளக்கின. அதற்குப் பிறகும் விடவில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் ராஸ் எமர்சன் மறுபடியும் நோ-பால் கொடுத்தார். கேப்டன் அர்ஜுன ரணதுங்க தன் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார்.

அன்றைய விதி எளிமையானது: பந்து கையிலிருந்து விடுபடும் தறுவாயில் முழங்கை நீளக் கூடாது. எத்தனை டிகிரி என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. பூஜ்யம்தான். பிறகு சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி சில வரம்புகளை வைத்தது. சுழற்பந்து வீச்சாளருக்கு 5 டிகிரி, வேகப்பந்து வீச்சாளருக்கு 10 டிகிரி. 2004இல் முரளியின் தூஸ்ரா, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் சுழற்பந்து பற்றி ஆட்டநடுவர் கிறிஸ் பிராட் புகார் அளித்தார். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அளந்தபோது முழங்கை சுமார் 14 டிகிரி நீள்வது தெரிந்தது. இருந்த வரம்பின்படி தூஸ்ரா செத்தது.

அந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. முரளியை அளந்தீர்கள், மற்றவர்களை அளந்தீர்களா?

அளந்தார்கள். 2004 சாம்பியன்ஸ் டிராபி ஆட்டங்களில் பந்துவீச்சாளர்களை அதிவேகக் கேமராக்களால் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருடைய முழங்கையும் நீண்டது. எவரும் ஒரு நாளும் சந்தேகித்திராத கிளென் மெக்ராவும் ஷான் பொல்லாக்கும் 10 டிகிரி வரம்பைத் தாண்டியவர்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. மனித மூட்டின் இயல்பு அது. பந்தை வேகமாக விடும் கணத்தில் தோளிலிருந்து வரும் விசைக்கு முழங்கை கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் செய்யும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் மீறிக்கொண்டிருந்த விதியை வைத்துக்கொண்டு, பார்வைக்கு வித்தியாசமாகத் தெரிந்த கைகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

2005 மார்ச் முதல் எல்லோருக்கும் ஒரே வரம்பு, 15 டிகிரி என்று ஆனது. இதைப் பரிந்துரைத்த குழுவில் மைக்கேல் ஹோல்டிங் இருந்தார். எறியும் பந்துவீச்சாளர்கள் விஷயத்தில் அவரைப் போல் கறாராகப் பேசியவர்கள் குறைவு. அளவுகளைப் பார்த்த பிறகு அவரே நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். ஏன் 15, ஏன் 12 இல்லை? அந்த அளவை எட்டும்போதுதான் முழங்கை நீள்வது வெறும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்று உடல் அசைவை ஆராயும் உயிர்விசையியல் வல்லுநர்கள் சொன்னார்கள். எவ்வளவு அழகான சமரசம் பாருங்கள். இயந்திரத்தால் மட்டுமே அளக்கக்கூடிய ஒரு எண்ணை, மனிதக் கண்ணின் எல்லையை வைத்து நிர்ணயித்தார்கள்.

முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கதை நேர்மாறானது. விதி எல்லோருக்கும் எதிராக வளைந்து கிடந்தது, அதன் பழி ஓர் ஆளின் தலையில் விழுந்தது. கேமரா வந்திருக்காவிட்டால், 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்து விடைபெற்ற அந்த மனிதர், ஒரு நடுவரின் கண்ணுக்குத் தவறாகத் தெரிந்ததற்காக 23 வயதிலேயே முடிந்துபோயிருப்பார். தொழில்நுட்பம் விளையாட்டுக்குச் செய்த நன்மைகளில் இதை முதலிடத்தில் வைப்பேன்.

அதே கருவி மறுபக்கமும் வெட்டியது. 2014இல் ஐசிசி கெடுபிடி காட்டியபோது சயீத் அஜ்மல் தடை செய்யப்பட்டார். அவருடைய எல்லா வகைப் பந்துகளும் 15 டிகிரியைத் தாண்டியிருந்தன. அந்த ஆண்டுதான் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையம் ஐசிசியின் அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடங்களில் ஒன்றானது. பாகிஸ்தானின் முகமது ஹபீஸ் 2015இல் சென்னையில் நடந்த சோதனைக்குப் பிறகு பந்துவீசத் தடை பெற்றார். சோதனை இப்படி நடக்கும்: வீச்சாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குமிழ்களை ஒட்டுவார்கள். சுற்றிலும் இருக்கும் அகச்சிவப்புக் கேமராக்கள் அவற்றின் அசைவை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும். ஆட்டத்தில் வீசியதுபோலவே இங்கும் வீசுகிறாரா என்று பழைய காணொளியோடு ஒப்பிடுவார்கள். ஆனாலும் ஆய்வகம் ஆய்வகம்தான். கடைசி ஓவரில் பத்து ரன்னைக் காக்க வேண்டிய பதற்றம் அங்கே கிடையாது. இந்தக் குறையை நிரப்பத்தான் கையில் அணியும் உணரிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டம்பை நோக்கி வரும் பந்தைக் காலால் மறித்து அவுட் ஆகும் எல்பிடபிள்யூ இதைவிடச் சிக்கலானது. முழங்கை விஷயத்தில் நடந்த ஒன்றை அளக்கிறோம். எல்பிடபிள்யூவில் நடக்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கால் குறுக்கே இருந்திருக்காவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா?

ஹாக்-ஐ போன்ற முறைகள் மைதானத்தைச் சுற்றிப் பொருத்திய கேமராக்களிலிருந்து பந்தின் இடத்தைக் கணநேரத்துக்கு ஒருமுறை கணக்கிடுகின்றன. பால் ஹாகின்ஸ் உருவாக்கிய இந்த முறை 2001இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ரசிகர்களுக்கு விளக்குவதற்காக வந்தது. கையிலிருந்து கிளம்பி, காலில் கட்டிய கவசமான பேடில் படும் வரை காட்டப்படும் கோடு அளவீடு. பேடுக்குப் பின்னால் ஸ்டம்பை நோக்கிப் போகும் கோடு கணிப்பு. இரண்டும் வேறு வேறு தன்மை கொண்டவை. தொலைக்காட்சி இரண்டையும் ஒரே பளபளப்பான கோடாக வரைகிறது. பார்ப்பவருக்குப் பின்பாதியும் கேமரா கண்ட காட்சி போலவே தோன்றுகிறது. ரசிகர்களின் பாதிக் கோபம் இந்த ஓவியத்தில் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

கணிப்பின் தரம் எதைப் பொறுத்தது? பந்து பிட்ச் ஆன பிறகு பேடுக்கு வரும் வரை எவ்வளவு தூரம் பயணித்தது, பேடிலிருந்து ஸ்டம்புக்கு எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. யார்க்கர் போல வந்து காலருகே பிட்ச் ஆகி உடனே பேடில் பட்டால், எழும்பிய பிறகான பாதையைப் படிக்கக் கருவிக்கு அவகாசமே இல்லை. ஆட்டக்காரர் வெகுதூரம் இறங்கி வந்திருந்தால் கணிப்பு நீண்டுகொண்டே போகிறது, பிழையும் அதோடு வளர்கிறது.

2011 உலகக் கோப்பையில் பெங்களூரில் நடந்த இந்தியா–இங்கிலாந்து ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். சமனில் முடிந்த ஆட்டம். யுவராஜ் சிங் பந்தில் இயான் பெல் காலில் வாங்கினார். நடுவர் அவுட் இல்லை என்றார், தோனி ரிவ்யூ கேட்டார். திரையில் பந்து ஸ்டம்பில் படுவதைப் பார்த்து பெல் வெளியே நடக்கவே தொடங்கிவிட்டார். ஆனால் அவர் ஸ்டம்பிலிருந்து 2.5 மீட்டருக்கு அதிகமான தூரத்தில் இருந்தார். அந்தத் தூரத்துக்கு மேல் கணிப்பை அப்படியே நம்பக் கூடாது என்பது அன்றைய நெறிமுறை. அவுட் இல்லை என்ற தீர்ப்பே நின்றது. கருவியையும் மனித முடிவையும் இப்படிக் கலப்பது சரியல்ல என்று ஆட்டத்துக்குப் பிறகு தோனி குறைப்பட்டுக்கொண்டார். கோபம் புரிகிறது. ஆனால் 2.5 மீட்டர் என்ற அந்த எல்லை, கருவி தன் அறியாமையை ஒப்புக்கொண்ட இடம்.

அம்பயர்ஸ் கால் என்பதும் இதே ஒப்புதல்தான். கணிப்பின்படி பந்து ஸ்டம்பை ஓரமாக உரசுவதாகத் தெரிந்தால், களத்தில் நிற்கும் நடுவர் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். ஒரே பந்து, ஒரே கணிப்பு, ஒருநாள் அவுட், மறுநாள் அவுட் இல்லை. இது குழப்பம் தருகிறது என்று 2021இல் கோலி சொன்னார். 2024இல் ராஜ்கோட் டெஸ்டுக்குப் பிறகு பென் ஸ்டோக்ஸ் இதை ஒழித்துவிடலாம் என்றே சொன்னார். பந்து ஸ்டம்பில் பட்டால் பட்டது, இல்லாவிட்டால் இல்லை, நடுவில் என்ன மூன்றாவது நிலை என்பது அவர்கள் கேள்வி.

நான் எதிர்த்தரப்பில் நிற்கிறேன். பந்து ஸ்டம்பில் படவில்லை, பேடில்தான் பட்டது. மற்றதெல்லாம் நிகழ்தகவு. ஓரமாக உரசும் என்று கணினி வரையும்போது, பிழை வரம்புக்குள் அது தவறவும் செய்யலாம். அந்தச் சந்தேகத்தை மறைத்துவிட்டு அவுட் என்று சிவப்பு விளக்குப் போடுவதைவிட, தெரியாத இடத்தைத் தெரியாது என்று சொல்லி, பந்து வந்த கணத்தில் அருகில் நின்றவரிடம் முடிவை விடுவது நேர்மையானது. விளையாட்டுகளில் இன்று பயன்படும் தீர்ப்பு முறைகளில், கருவியின் பிழையைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருப்பவை மிகச் சில. கிரிக்கெட் அதில் முன்னோடி. ரசிகர்கள் அதிகம் திட்டுவதும் அதைத்தான் என்பது வருத்தம்.

சந்தேகம் ஒழியாது என்பதற்கு 2022 கேப்டவுன் டெஸ்டைப் பாருங்கள். அஸ்வின் பந்தில் டீன் எல்கருக்கு மரே எராஸ்மஸ் அவுட் கொடுத்தார். ரிவ்யூவில் பந்து ஸ்டம்புக்கு மேலே போவதாகக் கருவி காட்டியது. இது நடக்க முடியாதது என்று எராஸ்மஸே சொன்னது ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. இந்திய வீரர்கள் ஒளிபரப்பு நிறுவனத்தைக் குறிவைத்து மைக்கிலேயே பேசினார்கள். அந்தக் கோபம் அளவு மீறியது. ஆனால் அதற்குள் இருந்த கேள்வி முக்கியமானது: தீர்ப்புக் கருவியை ஒளிபரப்பாளர் கொண்டுவருகிறார் என்றால், அதை யார் கண்காணிக்கிறார்கள்? அடுத்த ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், கோவையில் நடந்த ஆட்டத்தில், மூன்றாவது நடுவர் ரிவ்யூவில் மாற்றிய தீர்ப்பையே அஸ்வின் மறுபடியும் ரிவ்யூ கேட்டார். பந்து மட்டையைக் கடந்தபோது திரையில் தெரிந்த ஒலி அதிர்வுக்கோடு பந்தால் வந்ததா, மட்டை தரையில் உரசியதால் வந்ததா என்பது சர்ச்சை. இரண்டாவது முறையும் அவுட் இல்லை என்றே வந்தது. கருவியின் முடிவோடு விவாதம் முடிந்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு அந்தக் காட்சி போதும்.

எல்பிடபிள்யூ விதியின் எழுத்து மாறவில்லை. ஆனால் ரிவ்யூ கேட்க வழிசெய்யும் டிஆர்எஸ் முறை பேட்டிங்கையே மாற்றிவிட்டது. 1957இல் எட்ஜ்பாஸ்டனில் பீட்டர் மேயும் காலின் கவுட்ரியும் சேர்ந்து 411 ரன் குவித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் சோனி ராமதீன் அந்த இன்னிங்ஸில் மட்டும் 98 ஓவர் வீசினார். அவர் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று புரியாதபோதெல்லாம் காலை முன்னே நீட்டி பேடால் தடுத்தார்கள். அவ்வளவு தூரம் கால் முன்னே வந்துவிட்டால் ஸ்டம்பில் படும் என்று எந்த நடுவரும் துணிந்து சொல்லமாட்டார். பிற்பாடு, ஷாட் ஆட முயலாமல் காலை நீட்டினால் அவுட் கொடுக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. மட்டையை பேடுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஆடுவதுபோல் பாவனை காட்டும் வழக்கம் மட்டும் அரை நூற்றாண்டு நீடித்தது. ஹாக்-ஐ வந்த பிறகு, முன்னே நீட்டிய காலில் படும் பந்துகளில் பல நேராக ஸ்டம்பைத்தான் நோக்கிப் போகின்றன என்று நடுவர்கள் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கை உயர்த்தத் தொடங்கினார்கள். சுழற்பந்து வீச்சாளருக்கு எல்பிடபிள்யூ பெரிய ஆயுதமானது. இன்று பேடை மட்டும் நம்பி ஆடுபவர் பிழைக்க முடியாது, மட்டை முன்னால் வந்தாக வேண்டும். சட்டப் புத்தகம் தர முடியாத நியாயத்தை ஒரு கேமரா ராமதீனின் வாரிசுகளுக்கு வழங்கியது.

கால்பந்து இதே வழியில் வந்து வேறு இடத்தில் போய் நிற்கிறது. ஆஃப்சைடு விதி எதற்காக வந்தது? எதிரணியின் கோல் அருகே போய்க் காத்திருந்து பந்தை வாங்கிக் கோல் அடிப்பதைத் தடுப்பதற்காக. காணொளி நடுவர் முறை வந்ததும் கட்டைவிரல் நுனியும் அக்குளும் விவாதப் பொருளாகிவிட்டன. இங்கே எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஆட்டக்காரர் ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடக்கிறார். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அவர் சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்ட கணம் எந்தப் படத்தில் என்பதிலேயே இவ்வளவு ஊசலாட்டம். அதை வைத்துக்கொண்டு சென்டிமீட்டர் கணக்கில் கோல்களை மறுத்தார்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக் 2021இல் கோடுகளைத் தடிமனாக்கி, சந்தேகத்தின் பலனைத் தாக்கும் அணிக்குக் கொடுத்தது. கிரிக்கெட் தொடக்கத்திலேயே கற்ற பாடத்தைக் கால்பந்து சில சீசன்கள் அழுதுவிட்டுக் கற்றது.

2022 கத்தார் உலகக் கோப்பையில் கூரைக்கடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை செய்தி அனுப்பியது. பந்து உதைபட்ட கணம் பற்றிய ஊசலாட்டம் இதனால் வெகுவாகக் குறைந்தது. அளவீடு மேம்பட்டது உண்மை. ஆனால் 2024 யூரோ கோப்பையில் டென்மார்க்குக்கு நடந்ததைப் பாருங்கள். ஜெர்மனிக்கு எதிராக அவர்கள் அடித்த கோல், தாமஸ் டிலேனியின் கால்நுனி முன்னே இருந்ததற்காகப் பறிபோனது. சில நிமிடங்களிலேயே, பந்துக்குள் இருந்த உணரி காட்டிய சிறு துடிப்பை ஆதாரமாக வைத்து பந்து கையில் பட்டதாக அவர்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுக்கப்பட்டது. இரண்டு தீர்ப்பும் அளவீட்டின்படி சரியாக இருக்கலாம். கோலருகே காத்திருப்பதைத் தடுக்க வந்த விதிக்கும் அந்தக் கால்நுனிக்கும் என்ன தொடர்பு? இதனால்தான் ஆர்சென் வெங்கர், தாக்குபவரின் உடலில் ஏதாவது ஒரு பகுதி கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு இணையாக இருந்தாலே ஆஃப்சைடு இல்லை என்று விதியை மாற்றலாம் என்கிறார். முழங்கையில் நடந்ததே இங்கும் நடக்கிறது. அளவீடு முதலில் வருகிறது, விதி பின்னால் ஓடுகிறது.

பேஸ்பாலில் இன்னும் வெளிப்படை. ஸ்ட்ரைக் மண்டலம் என்பது அடிப்பவரின் உடம்பை ஒட்டி நடுவர் மனத்தில் வரைந்துகொள்ளும் ஒரு சட்டகம். தென்கொரிய லீக் 2024 முதல் அந்தத் தீர்ப்பை முழுவதும் கருவியிடம் ஒப்படைத்தது. அமெரிக்காவின் மேஜர் லீக், நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையிட்டால் மட்டும் கருவி பேசும் முறையை 2026க்கு ஏற்றுக்கொண்டது. அதற்காக மண்டலத்தைப் புதிதாக வரையறுத்தார்கள். அடிப்பவரின் உயரத்தில் 27 விழுக்காட்டிலிருந்து 53.5 விழுக்காடு வரை. குனிந்து நின்றாலும் நிமிர்ந்து நின்றாலும் ஒன்றுதான். முறையிட்டால் மட்டும் கருவி என்ற இந்த நடுவழி எனக்குப் பிடித்திருக்கிறது. மனித நடுவரின் கண் மழுங்காமல் இருக்க அது தினமும் உழைத்தாக வேண்டும்.

மழுங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி 2020 ஜூன் 17. பெருந்தொற்றால் நின்றுபோன பிரீமியர் லீக் மறுபடி தொடங்கிய முதல் நாள். ஆஸ்டன் வில்லாவின் கோல்காப்பாளர் பந்தைப் பிடித்தபடியே கோல் கோட்டுக்குள் போய்விட்டார். ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டக்காரர்கள் கத்தினார்கள். நடுவரின் கைக்கடிகாரம் அதிரவில்லை. கோலைக் கண்காணித்த ஏழு கேமராக்களையும் ஆட்களின் உடம்புகள் ஒரே நேரத்தில் மறைத்திருந்தன. ஆட்டம் கோலின்றிச் சமனானது. ஹாக்-ஐ மன்னிப்புக் கேட்டது. சீசன் முடிவில் வில்லா 35 புள்ளியுடன் தப்பியது, 34 புள்ளி எடுத்த போர்ன்மத் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று போர்ன்மத் ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. மைதானத்தில் கண்ணுள்ள நால்வர் இருந்தார்கள். காணொளி அறையிலும் ஆள் இருந்தார். கடிகாரம் சொல்லாததை யாரும் சொல்லத் துணியவில்லை.

விம்பிள்டன் 147 ஆண்டுகளாக வைத்திருந்த கோட்டு நடுவர்களை 2025இல் விடுவித்தது. அந்தத் தொடரிலேயே சோனே கார்ட்டலுக்கு எதிராக அனஸ்தசியா பாவ்லியுசென்கோவா ஆடியபோது, கார்ட்டல் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தும் கருவி மௌனமாக இருந்தது. மைதானத்தின் ஒரு பகுதியில் அதை ஒருவர் தவறுதலாக அணைத்துவிட்டிருந்தார். புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார்கள். பந்து வெளியே விழுந்ததைத் தானும் கண்டதாக இருக்கை நடுவர் பிறகு தம்மிடம் சொன்னார் என்றார் பாவ்லியுசென்கோவா. கண்டவர் ஏன் அப்போதே சொல்லவில்லை? சொல்லும் பழக்கத்தையும் துணிவையும் முறை அவரிடமிருந்து எடுத்துவிட்டிருந்தது. கருவி வீழும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று நடுவருக்குத் தெளிவான அதிகாரம் எழுதிக்கொடுக்காத எந்த விளையாட்டும், தானியக்கத்துக்குத் தயாராகிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பணத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். டெஸ்ட் ஆட்டத்தில் உள்ள விதியும், மாவட்ட லீகில் உள்ள விதியும் புத்தகத்தில் ஒன்றே. நடைமுறையில் இரண்டும் வெவ்வேறாகிவிட்டன. 2019–20 ரஞ்சிக் கோப்பையின் கடைசிச் சுற்றுகளில் டிஆர்எஸ் வந்தபோது, பந்தின் பாதையைக் கணிக்கும் பகுதி இல்லாமலே வந்தது. கருவி இல்லாத மைதானங்களில் வளரும் இளைஞர், பேடை நீட்டி ஆடக் கற்றுக்கொண்டு மேலே வருகிறார். அங்கே தப்பித்த பந்தில் இங்கே அவுட். அவருக்கு இதை முன்கூட்டிச் சொல்லிக்கொடுப்பது யார் பொறுப்பு?

இனி, கையில் அணியும் உணரிகள். முழங்கையின் ஒவ்வொரு அசைவையும் ஆட்டத்தின் நடுவிலேயே அளக்கும் சிறு கருவியை உருவாக்கும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஒருநாள் அது வந்துவிடும் என்றே நினைக்கிறேன். வந்தால் சந்தேகப் புகார், தடை, மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் போகும். அதோடு வேறொன்றும் வரும். ஒரு வீச்சாளரின் மூட்டு எந்த ஓவரில் தளர்கிறது, எந்தக் காயம் எட்டிப் பார்க்கிறது என்பது எண்களாகச் சேரும். அது யாருடைய சொத்து? ஒப்பந்தம் பேசும் அணி உரிமையாளர் அதைப் பார்க்கலாமா? இடுப்பளவைத் தேசமே அறிந்துகொண்டபோது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மூட்டின் ஆயுளைப் பற்றிய தகவல் அவ்வளவு லேசானதல்ல. ஆட்டக்காரர்களின் சங்கங்கள் கருவி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்க வேண்டும்.

15 டிகிரி என்ற எண்ணையும் அப்போது மறுபடி திறக்க வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் எல்லை என்பதற்காக வைத்த எண் அது. கண்ணே தேவைப்படாத கருவி ஒவ்வொரு பந்தையும் அளக்கும்போது, 14.9 நல்ல பந்தாகவும் 15.1 நோ-பாலாகவும் ஆவதற்கு அடிப்படை எதுவும் மிஞ்சாது. உலகக் கோப்பை இறுதியின் கடைசிப் பந்து 15.1 என்று திரையில் வந்தால், அந்த 0.1 உணரியின் பிழையா, முழங்கையின் குற்றமா என்று யாரால் சொல்ல முடியும்? அளவீட்டில் எத்தனை டிகிரி முன்பின் இருக்கலாம் என்பதை, 15 என்று அச்சிடும் அதே வரியில் ஐசிசி அச்சிட வேண்டும். அந்த இடைவெளிக்குள் விழும் பந்துகளுக்கு வீச்சாளரைத் தண்டிக்கக் கூடாது என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். இந்த வரியை இப்போதே எழுதிவிடலாம். உணரி களத்துக்கு வந்து, முதல் சர்ச்சை வெடித்து, யாரோ ஓர் இருபத்து மூன்று வயதுக்காரர் பழி சுமந்த பிறகு எழுதுவதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.